ஒப்பாரி இல்லாத களம்

கொலைக்களத்தைக் காட்டிச் சிரிக்க வைப்பது இன்றைய திரைப்படக்காரர் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணுவோர் கலிங்கத்துப்பரணியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சயங்கொண்டார் பாடிய அந்நூலில், போருக்கான ஆணை பிறப்பது நம் காஞ்சி மாநகரில்தான். பாலாற்றங்கரையில் வேட்டையாடிக் காஞ்சியில் கொலுவீற்றிருக்கிறான் முதல் குலோத்துங்கன். கலிங்க மன்னன் திறை கட்டவில்லை என்ற செய்தி வருகிறது. கருணாகரத் தொண்டைமான் படையோடு புறப்படுகிறான். போர் ஓய்ந்தபின் பேய்கள் களத்துக்கு வருகின்றன. யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்து, குருதியில் நீராடிவிட்டு, பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. குருட்டுப் பேய்க்கு, ஊமைப் பேய்க்கு, கருவுற்ற பேய்க்கு என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறுகின்றன. நம் வீட்டுத் திருமணப் பந்தியை அப்படியே பிணக்களத்தில் விரித்து வைத்தாற்போல் இருக்கிறது. தோற்ற கலிங்க வீரர்கள் வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டும், குருதி தோய்ந்த துணியைத் துறவியின் ஆடையாகப் போர்த்திக்கொண்டும் தப்பியோடும் காட்சி வேறு. படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அதே களத்தில், இறந்துகிடக்கும் கணவனின் உடலைத் தேடி அலையும் பெண்களையும் அப்புலவர் காட்டாமல் விடவில்லை.

இதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. ரவுடிகளின் உலகைக் கதைக்களமாகக் கொண்டு, கடுங்கொலைகளையும் நகைச்சுவையையும் ஒன்றாகக் குழைத்துத் தரும் படங்கள் 2011-இல் வெளிவந்த 'ஆரண்ய காண்ட'த்துக்குப் பின் தமிழில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. 2023 ஆகஸ்டில் வெளிவந்த 'ஜெயிலர்' அவ்வகையைக் குடும்பம் குடும்பமாகப் பார்க்கும் திருவிழாவாக்கியது. இன்று அவை திரையரங்கோடு நிற்பதில்லை. தென்னேரிப் பக்கத்தில் தறி ஓடும் வீடுகளில், தறிச் சத்தத்துக்கு நடுவே கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படியொரு வீட்டைச் சந்திக்கச் சென்றபோது தாய் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சாமி, தலையை வெட்டுகிற இடத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதட்டலாம் என்று போனால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இது பாவமா?"

நல்ல கேள்வி. மறையுரை மேடையிலிருந்து இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், சினிமாவே சாக்கடை என்பது. நம் இளைஞர் இயக்கத்தில் கிடைக்கும் பதில், வெறும் பொழுதுபோக்குதானே என்பது. இரண்டு பதிலுக்கும் படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏடு, தீமையைச் சித்திரிப்பது மனிதனை ஆழமாக அறியவும் நன்மையின் ஒளியைக் காட்டவும் உதவக்கூடும் என்று ஏற்றுக்கொண்டு, அச்சித்திரிப்பு அறநெறிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று எல்லையும் வகுக்கிறது. தீமையைக் காட்டலாமா என்பதன்று கேள்வி. எப்படிக் காட்டுவது என்பதே.

சிரிப்பைப் பற்றியும் நம் முன்னோர் சிந்தித்திருக்கிறார்கள். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையை முதலில் வைத்து அடுத்ததாகவே அழுகையை வைக்கிறார். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை இகழ்ந்து சிரிப்பதும் சிரிப்புத்தான். குழந்தைத்தனத்தையும் அறியாமையையும் மடமையையும் கண்டு சிரிப்பதும் சிரிப்புத்தான். ஆனால் முதலாவதற்கும் மற்ற மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. எள்ளலில் சிரிப்பவன் உயரத்தில் நிற்கிறான். பேதைமையைக் கண்டு சிரிப்பவனோ, கொஞ்சம் யோசித்தால், தன்னையும் அங்கே கண்டுகொள்வான்.

கூட்டத்தின் சிரிப்பு எவ்வளவு வலியது என்பதற்குப் புனித அகுஸ்தினார் தம் தன்வரலாற்று நூலின் ஆறாம் பகுதியில் சொல்லும் அலிப்பியுஸ் கதையைவிடச் சிறந்த சான்று இல்லை. உரோமையில் சட்டம் பயின்ற அந்த இளைஞர் வாள்வீரர் விளையாட்டை வெறுத்தவர். நண்பர்கள் இழுத்துச் சென்று அரங்கில் அமர்த்துகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டே இருந்துவிடுவேன் என்று உறுதிபூண்டு அமர்கிறார். ஒருவன் வெட்டுண்டு விழுகிறான், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, காது திறந்துதானே இருக்கிறது, கண்ணும் திறந்துகொள்கிறது. அதன்பின் பிறரையும் அரங்குக்கு இழுத்துச் செல்பவராக அவரே மாறிவிடுகிறார். அவரைக் கெடுத்தது குருதியைவிட ஆரவாரம்தான் என்பது நம் கருத்து. தனியறையில் அதே காட்சியைக் கண்டிருந்தால் அருவருத்துத் திரும்பியிருப்பார்.

நற்செய்தியிலும் ஓர் இருண்ட நகைச்சுவைக் காட்சி இருக்கிறது. ஆளுநர் மாளிகை முற்றத்தில் படைவீரர்கள் ஆண்டவருக்குச் செந்நிற ஆடை போர்த்தி, முள்முடி சூட்டி, கையில் கோலைக் கொடுத்து, மண்டியிட்டு அரசே என்று வணங்குகிறார்கள். படைவீரர் கண்ணில் அது நல்ல கேலிக்கூத்து. அவர்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். நற்செய்தியாளர்கள் அக்கேலியை ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார்கள். ஆனால் நம்மைப் படைவீரர் பக்கத்தில் நிறுத்தவில்லை. கேலி முழுவதையும் நாம் அடிபடுகிறவரின் அருகில் நின்று கேட்கிறோம். கொலையையும் சிரிப்பையும் ஒன்றாகக் காட்டும் எந்தப் படைப்பிடமும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: எங்களை எங்கே நிற்க வைக்கிறாய்? விழுந்தவனுக்காக அழ ஒருவரையாவது மிச்சம் வைத்திருக்கிறாயா?

இவ்வகைப் படங்களில் நெடுநாள் பழகிய நாடு ஜப்பான். 'யாகுசா' என்னும் குற்றக் கும்பல்களைப் பற்றி அங்கே எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன. அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) ஊரைப் பங்கிட்டுக்கொண்ட இரு கும்பல்களின் கதை. நாயகன் ஊருக்குள் நுழையும்போது எதிரே ஒரு நாய் மனிதக் கை ஒன்றைக் கவ்விக்கொண்டு துள்ளி ஓடிவருகிறது. அந்த ஊரில் தொழில் செழித்திருப்பது சவப்பெட்டி செய்பவனுக்குத்தான். சண்டை முற்ற முற்ற அவனுக்கும் வியாபாரம் படுத்துவிடுகிறது; சாவு இவ்வளவு மலிந்தபின் பெட்டி செய்யச் சொல்ல யார் மிச்சம் என்பது அவன் கவலை. சிரிக்கிறோம், ஆனால் அந்தச் சிரிப்பிலேயே ஊரின் அழிவு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கின்ஜி ஃபுக்காசாக்குவின் ஐந்து படத் தொடர் (1973–74) இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 'அறமும் மனிதமும் அற்ற போர்கள்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். இரோசிமாப் பகுதியில் போருக்குப்பின் தழைத்த கும்பல்களின் கதை. முதற்படம் அணுகுண்டுப் புகைமண்டலத்தின் படத்தோடு தொடங்குகிறது. இயக்குநர் தம் பதினைந்தாம் வயதில் போர்த்தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்து, குண்டுவீச்சில் இறந்த தோழர்களின் உடல்களை அகற்றியவர். பிணத்தைக் கையால் தொட்டவர் எடுத்த படம் என்பது காட்சிக்குக் காட்சி தெரிகிறது. அதில் நாயகன் தன் தவற்றுக்குக் கழுவாயாகக் கும்பல் மரபுப்படி சுண்டுவிரலை வெட்டிக்கொள்கிறான். வெட்டிய விரல் தெறித்து எங்கோ விழுந்துவிடுகிறது. வீரம், மானம், சடங்கு எல்லாவற்றையும் மறந்து தடியர்கள் அத்தனை பேரும் தோட்டத்தில் குனிந்து விரலைத் தேடுகிறார்கள். விரல் கிடைப்பது கோழிக்கூட்டருகே! அந்த ஒரு காட்சியில் கும்பலின் பெருமிதம் முழுவதும் கோழித்தீனி ஆகிவிடுகிறது. இங்கே சிரிப்பு அடிபட்டவனை நோக்கிப் பாயவில்லை. அடிப்பதைப் பெருமையாக்கும் சடங்கை நோக்கிப் பாய்கிறது.

ஆனால் நம்மைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. அப்படத்தில் ஒவ்வொருவன் கொல்லப்படும்போதும் காட்சி உறைந்து நிற்க, இறந்தவனின் பெயரும் இறந்த நாளும் எழுத்தில் தோன்றுகின்றன. எவ்வளவு இழிந்த அடியாளாயினும் அவனுக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு தேதி உண்டு. நம் பங்குகளில் இறந்தோர் பதிவேட்டை எழுதுகிறவர்களுக்கு அது சட்டென்று புரியும். படம் முடிவதும் ஓர் இறுதிச்சடங்கில்தான். கொலைக்குப் பொறுப்பானவர்களே துயர முகத்தோடு கூடியிருக்கும் அந்த வெளிவேடத்தைப் பொறாத நாயகன், சடங்கு மேடையைத் துப்பாக்கியால் சுட்டுச் சிதறடித்துவிட்டு வெளியேறுகிறான். போலி ஒப்பாரி மீதான கோபம் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

தாக்கேஷி கிட்டானோ மேடை நகைச்சுவையாளராகப் பெயர் பெற்றபின் படம் எடுக்க வந்தவர். 'சொனட்டைன்' (1993) படத்தில் ஒளிந்துவாழும் கும்பல்காரர்கள் ஒக்கினாவாக் கடற்கரை மணலில் சிறுவர்களைப்போல் மல்யுத்தம் விளையாடுகிறார்கள். தொல்காப்பியர் சொன்ன இளமை வழிப்பட்ட நகை அது. சாவு காத்திருக்கிறது என்று தெரிந்தும் விளையாடுவதால் நெஞ்சு கனக்கிறது. அவரே 2010-இல் எடுத்த 'அவுட்ரேஜ்' படத்தில் பல் மருத்துவரின் துளைக்கருவி ஒருவன் வாய்க்குள் போகிறது. அடுத்தவன் எந்தப் புதுவிதத்தில் சாகப்போகிறான் என்று எதிர்பார்க்கும் மனநிலைக்கு நம்மைத் தள்ளுகிறது அப்படம். அதுவே அதன் நோக்கம் என்பாரும் உளர். நமக்கு இரண்டாம் முறை பார்க்கும் விருப்பம் எழவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' 52 வெட்டுகள் வேண்டும் என்ற தணிக்கைக் குழுவோடு போராடி, மேல்முறையீட்டில் வென்று, 2011 ஜூன் 10 அன்று வயது வந்தோருக்கான சான்றிதழோடு வெளிவந்தது. ஓடவில்லை. பின்னர் சிறந்த அறிமுக இயக்குநருக்கான விருதையும் படத்தொகுப்புக்கான விருதையும் தேசிய அளவில் பெற்றது. வடசென்னையில் ஒரே நாளில் நடக்கும் கதை. ஆண்மை தளர்ந்த கிழட்டுத் தலைவன் சிங்கப்பெருமாள். அவனை விஞ்ச நினைக்கும் பசுபதி. எதிர்க்கும்பலின் தலைவன் கஜேந்திரன். (செங்கல்பட்டுக்குப் பக்கத்து ஊரையும் அத்திகிரி யானையையும் நினைவூட்டும் பெயர்களைக் கொலைகாரர்களுக்குச் சூட்டியிருப்பது தற்செயல் அன்று, காட்டின் சட்டத்தைப் பேசும் படத்துக்கு இராமாயணத்திலிருந்து தலைப்பு எடுத்தவருக்கு இது தெரியாதா என்ன?) பசுபதியைக் கொன்றுவிடச் சொல்லித் தலைவன் இடும் கட்டளை, பசுபதி அமர்ந்திருக்கும் வண்டிக்குள்ளேயே கைப்பேசி வழியாக எல்லோர் காதிலும் விழுந்துவிடும் காட்சி ஒன்று உண்டு. கொலை செய்ய வேண்டியவர்களும் கொலையுண்ண வேண்டியவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அச்சத்தின் உச்சியில் வரும் சிரிப்பு. மடன் என்று தொல்காப்பியர் பெயரிட்டது.

இப்படத்தை நாம் உயர்வாக மதிப்பதற்கு இதுவன்று காரணம். வாழ்ந்து கெட்ட குடிகாரன் காளையன், அவன் மகன் கொடுக்காப்புளி, அவர்களின் சண்டைச்சேவல். சேவற்சண்டையில் எல்லாம் இழந்து, ஊர்முன் மண்டியிட்டுக் கெஞ்சும் தந்தையை மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அத்தந்தையைக் கும்பல் பிடித்து வைத்துக்கொண்டபோது அவனை மீட்கப் போராடுவது அச்சிறுவன்தான். அப்பா என்றால் அவ்வளவு பிடிக்குமா என்று பசுபதி கேட்கிறான். அப்படியெல்லாம் இல்லை, ஆனாலும் அவர் என் அப்பா என்னும் பொருள்படச் சிறுவன் விடையளிக்கிறான். தகுதி பாராமல் நேசிப்பதைப் பற்றி எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. வாளும் தூளும் வசைச்சொல்லும் நிறைந்த அப்படத்தில் ஒருவன் வாழ்வு இன்னொருவனுக்கு இன்றியமையாதது என்பது அந்த இடத்தில் நிலைநாட்டப்படுகிறது. அதனாலேயே மற்றச் சாவுகளும் சாவுகளாகத் தெரிகின்றன. சிறுவர்க்குரிய படம் அன்று. சான்றிதழும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வளர்ந்தவர்கள் வெட்கமின்றிப் பார்த்துப் பேச வேண்டிய படம்.

கார்த்திக் சுப்புராஜின் 'ஜிகர்தண்டா' (2014) நம் கேள்வியையே கதையாக்கியது. ரவுடிப் படம் எடுக்க விரும்பும் இளம் இயக்குநர் ஒருவர், உண்மையான ரவுடியை அருகிலிருந்து ஆராய மதுரைக்குப் போகிறார். அந்த ரவுடி 'அசால்ட்' சேது. தன்னைப் பற்றி எழுதிய செய்தியாளனை உயிரோடு கொளுத்தியவன். இவ்வேடத்துக்காகப் பாபி சிம்மாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. படம் எடுப்பதை அறிந்த சேது தானே நாயகனாக நடிப்பேன் என்று அடம்பிடிக்கிறான். நடிப்பு ஆசிரியர் ஒருவர் அந்த முரடர் கூட்டத்துக்குப் பயிற்சி அளிக்கும் பகுதியில் வயிறு வலிக்கச் சிரித்தோம். (அவ்வாசிரியராக வரும் குரு சோமசுந்தரம்தான் 'ஆரண்ய காண்ட'த்தில் காளையனாக நடித்தவர். ஒரு படத்தில் அவமானப்படுபவர். மறு படத்தில் அவமானத்தைக் கற்றுக்கொடுப்பவர்.) சேதுவுக்குத் தெரியாமல் அவனை ஒரு கோமாளியாக்கிப் படத்தை முடித்துவிடுகிறார் இயக்குநர். அரங்கில் ஊரே தன்னைக் கண்டு சிரிப்பதைச் சேது பார்க்கிறான். அதுவரை அவனுடைய அதிகாரம் அச்சத்தில் நின்றது. சிரிப்பு அதைப் பிடுங்கிவிட்டது. பத்துக் காவலர்களால் ஆகாததை ஒரு கேலிப்படம் செய்துவிடுகிறது.

ஆனால் கதை அங்கே நிற்காமல் இன்னும் கொஞ்சம் போகிறது. கேலிக்கு ஆளான ரவுடி மெல்ல மனிதனாகிறான். கேலி செய்த இயக்குநரோ, அடியாட்களைக் காட்டி மிரட்டிக் காரியம் சாதிப்பவராக முடிகிறார். பிறரைச் சிரிப்புப் பொருளாக்குவதும் ஓர் அதிகாரம். அதுவும் மனிதனைக் கெடுக்கும். இவ்வகைப் படம் எடுப்போர்க்கு இவ்வகைப் படத்துக்குள்ளிருந்தே வந்த எச்சரிக்கை என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே குறை: கொளுத்தப்பட்ட செய்தியாளனைப் படம் விரைவில் மறந்துவிடுகிறது. மனம் மாறிய சேதுவும் அவனை நினைப்பதாகத் தெரியவில்லை. மனமாற்றத்தில் கழுவாய்க்கும் இடம் உண்டு என்று நம் மறைக்கல்வி படித்த எந்தச் சிறுவனும் சொல்வான்.

நெல்சன் திலீப்குமாரின் படங்கள் வேறு பாதையில் போகின்றன. 'கோலமாவு கோகிலா' (2018), 'டாக்டர்' (2021) இரண்டிலும் சாதாரணக் குடும்பத்தினர், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் கொலைகளுக்கு நடுவே நடமாடுகிறார்கள். வீட்டுப் பேச்சும் கொலையும் ஒன்றாக ஓடுவதில்தான் நகைச்சுவை பிறக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து, மடிப்புக்கு மடிப்பு கோர்வை போட்டு இணைப்பார்களே, அத்தகைய கைத்திறன். இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

'ஜெயிலர்' படத்தில் முத்துவேல் பாண்டியன் ஓய்வுபெற்ற சிறை அதிகாரி. மகனின் காலணிக்கு மெருகு போடுகிறார். பேரனின் கைப்பேசிப் படப்பிடிப்புக்கு உதவுகிறார். காவல் அதிகாரியான மகன் காணாமற்போகிறான். கொலை செய்யப்பட்டான் என்று நம்பப்படுகிறது. தாத்தா கத்தியை எடுக்கிறார். எதிரியின் இடத்தில் மனிதர்களைச் சம்மட்டியால் அடித்து அமிலத் தொட்டிக்குள் அமிழ்த்துகிறார்கள். இங்கே தலை துண்டாகிறது. பக்கத்தில் டாக்சி ஓட்டுநராக வரும் யோகி பாபு அஞ்சி நடுங்க, அரங்கம் குலுங்குகிறது. அவர் அச்சத்தைக் கண்டு வரும் சிரிப்பு பேதைமையில் பிறந்தது, அதில் குற்றமில்லை. வெட்டுண்டவனைக் கண்டு வரும் சிரிப்போ எள்ளல். வெட்டுண்டவர்களுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, தேடி வர ஓர் ஆள் இல்லை. தலை விழுந்த கணமே விசில் பறக்கிறது. அலிப்பியுஸ் கண்திறந்த அரங்கம் இதுதான். அந்தத் தாயின் கேள்விக்கும் நம் விடை இங்கேதான் இருக்கிறது. திடீரென்று வெடித்துவிடும் சிரிப்பு பாவமன்று. அது விருப்பத்தால் வருவதன்று. விழுந்தவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்ற நினைவே எழாதவாறு நெஞ்சைப் பழக்கிக்கொள்வது வேறு. அதற்கு நாம் பொறுப்பு. அரிவாள் வெட்டில் இறந்த இளைஞனின் அடக்கத்தை நடத்தியவர்களுக்குத் தெரியும்: ரவுடி என்று ஊர் தூற்றியவனாயினும், பெட்டியின் மேல் விழுந்து தாய் அழும்போது அந்தச் சொல் அங்கே எடுபடுவதில்லை.

திரைக்கு வெளியிலும் இந்த எள்ளல் பரவியிருக்கிறது. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில், ரவுடி ஒருவன் அரிவாளால் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடியபோது, கூடியிருந்த எழுபதுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை வளைத்துப் பிடித்தது. செய்தி வந்த வேகத்தில் அது நாடெங்கும் கேலிப்பொருளாயிற்று. அந்த அரிவாள் அதற்குமுன் எதை வெட்டியது என்று கேட்டவர் சிலரே.

'ஜெயிலர்' பெற்றோர் துணையோடு சிறுவரும் பார்க்கலாம் என்னும் சான்றிதழ் பெற்றது. அதை நீக்கக் கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது, பயனில்லை. 2025-இல் அதே நாயகரின் 'கூலி' வயது வந்தோர்க்கு மட்டும் என்று சான்றளிக்கப்பட்டு, அதை எதிர்த்துத் தயாரிப்பாளர் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுப் பிரிவுகளும் 2024 விதிகளில் வந்துவிட்டன. நல்லதே. ஆனால் சான்றிதழ் குருதியைத்தான் அளக்கும். சிரிப்பை அளக்க அதனிடம் கருவி இல்லை. அது பெற்றோரின் வேலை.

நம் வட்டாரக் கூத்துக்காரர்களுக்கு இந்த அளவு தெரியும். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 1990 முதல் இக்கலையைப் பேணி வருகிறது. கூத்தில் கட்டியங்காரன் அரசனையே கிண்டல் செய்வான். கொலையும் வஞ்சினமும் நடக்கும் இடங்களிலும் அவன் வாய் ஓயாது. ஆனால் திரௌபதி அம்மன் திருவிழாவின் இறுதியில், மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம் நிகழும்போது, பகைவன் வீழ்ந்தான் என்ற மகிழ்ச்சியோடு ஒப்பாரியும் எழுகிறது. இரவு முழுவதும் சிரித்த ஊர், விடிந்தபின் தீயவன் என்று தான் அறிந்த ஒருவனுக்காகப் பாடப்படும் அழுகையையும் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறது.

'ஜெயிலர்' கதையிலும் அப்படியோர் அழுகைக்கு வாய்ப்பிருந்தது. இறந்ததாக நம்பப்பட்ட மகன் உயிரோடு இருக்கிறான். கடத்தல்காரனோடு கூட்டுச் சேர்ந்தவனே அவன்தான் என்று தந்தை அறிகிறார். சட்டத்திடம் சரணடைய வாய்ப்புக் கொடுக்கிறார். மகன் மறுக்கிறான். தந்தையின் ஏற்பாட்டில் மகன் சுட்டு வீழ்த்தப்படுகிறான். எவ்வளவு பெரிய அவலம்! ஏறக்குறைய அத்துடன் படம் முடிந்துவிடுகிறது. விவிலியத்தில் தாவீது அரசருக்கும் இதே நிலை வந்தது. தந்தைக்கு எதிராகப் படைதிரட்டிய அப்சலோம் கருவாலி மரத்தில் சிக்கித் தொங்கியபோது யோவாபு அவனைக் குத்திக் கொன்றார். வெற்றிச் செய்தி கொண்டு ஆள் ஓடிவருகிறது. அரசர் வெற்றியைப் பற்றிக் கேட்கவே இல்லை. இளைஞன் நலமா என்றுதான் கேட்கிறார். பிறகு வாயில்மேல் இருந்த அறைக்கு ஏறிப்போய், மகன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கதறுகிறார். வென்ற படை, தோற்ற படையைப்போல் வெட்கி நகருக்குள் நுழைகிறது. உமக்காக உயிரைக் கொடுத்துப் போராடியவர்களை இப்படி அவமதிக்கிறீரே என்று யோவாபு வந்து கடிந்துகொண்ட பிறகுதான் அரசர் எழுந்து வாயிலில் அமர்கிறார். முத்துவேல் பாண்டியனிடம் யோவாபுக்கு வேலையே இல்லை.

2025 ஜனவரியில் அப்படத்தின் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. முதற்பாகத்தில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்த அந்தப் பேரனுக்கு, அப்பா எங்கே போனார் என்பதை வீட்டில் யார், எந்தச் சொற்களால் சொன்னார்கள் என்று அறிய விரும்புகிறோம்.